புவியியலில் பின்அமைப்பியலும் பின்நவீனத்துவமும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் மானிடப் புவியியல் கோட்பாடுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும், அமைப்பியலைப் பின்அமைப்பியல் வீழ்த்தியது, பிறகு இரண்டையும் பின்நவீனத்துவம் விழுங்கியது என்று அது சொல்லும் வரலாறு இத்துறையில் நடந்தவற்றோடு பொருந்தவில்லை. பின்னிரண்டையும் ஒரே போக்கின் இரு பெயர்களாகக் கொண்டிருப்பதையும் ஏற்க இயலவில்லை. கண்ணுக்குத் தெரிவதை அடியிலுள்ள அமைப்புகளால் விளக்குவது அமைப்பியல்; அவ்வமைப்புகளும் பொருள்களும் நிலையானவை அல்ல என்பது பின்அமைப்பியல்; அனைத்தையும் விளக்கும் ஒற்றைக் கோட்பாட்டை ஐயுறும் போக்கு பின்நவீனத்துவம்.

புவியியலுக்குள் அமைப்பியல் வந்த வழி பிரெஞ்சு அறிஞர் லெவி-ஸ்ட்ராஸின் மானிடவியல் என்பதைவிட பிரெஞ்சு மெய்யியலாளர் அல்தூசரின் மார்க்சியம் என்பதே சரி. 1950களிலும் 60களிலும் தூரம், போக்குவரத்துச் செலவு, குடியிருப்புகளின் பரவல் ஆகியவற்றைக் கணித மாதிரிகளுக்குள் அடக்க முயன்ற அளவுசார் ஆய்வுகளால், ஒரு நகரத்தில் ஏழைகள் ஏன் அந்தக் குறிப்பிட்ட பகுதியில் வாழ நேர்கிறது என்ற கேள்விக்குத் திருப்தியான விடை தர முடியவில்லை. அந்த அறிவியல் முறைக்கு 1969இல் விரிவான விளக்கநூல் எழுதிய புவியியலாளர் டேவிட் ஹார்வியே 1973இல் 'சமூக நீதியும் நகரமும்' நூலின் வழியாக மார்க்சியத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் மானுவேல் காஸ்டெல்ஸ், நகரம் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் தனிப்பொருள் அல்ல, உழைப்புச் சக்தி மறுஉற்பத்தி பெறும் (தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் உழைப்பதற்கேற்ப வாழ்ந்து பேணப்படும்) களம் என்று வாதிட்டார். கண்ணுக்குத் தெரியும் இடப்பரவலின் அடியில் நிலவாடகையும் மூலதனமும் இயங்குவதைக் காட்டியது சிறிய சாதனை அன்று. கட்டுரையாளர் அதை ஒரே வாக்கியத்தில் கடந்து சென்றது வருத்தம் தருகிறது. இந்த அணுகுமுறையில் மனிதர்கள் அமைப்புகளைச் சுமப்பவர்களாக மட்டும் ஆகிவிட, அமைப்புகளே செயல்படுபவையாகத் தோன்றுகின்றன என்று புவியியலாளர்கள் டங்கனும் லேயும் 1982இல் எழுப்பிய விமர்சனம் நியாயமானது. ஆனால் அது பின்நவீனத்துவத்தின் குரல் அல்ல.

இத்துறையில் பின்நவீனத்துவம் என்ற சொல்லைப் பரவலாக்கிய நூல்கள் இரண்டு. இரண்டும் 1989இல் வந்தவை. இரண்டையும் எழுதியவர்கள் மார்க்சிய மரபில் ஊன்றியவர்கள். அவற்றுள் ஒன்றை எழுதிய ஹார்வி பின்நவீனப் பண்பாட்டைக் கொண்டாடவில்லை. 1973ஐ ஒட்டி முதலாளித்துவம் நெகிழ்வான மூலதனக் குவிப்புக்கு (உற்பத்தியையும் வேலைமுறைகளையும் விரைவாக மாற்றிக்கொள்ளும் முறைக்கு) மாறியதன் பண்பாட்டு விளைவாகவே அதை விளக்கினார். மற்றொன்றை எழுதிய புவியியலாளர் எட்வர்ட் சோஜாவோ லாஸ் ஏஞ்சல்ஸை முன்வைத்து, காலத்துக்கு மட்டுமே முதன்மை தந்த சமூகக் கோட்பாட்டில் வெளிக்கு, அதாவது இடப்பரப்புக்கு, உரிய இடத்தை மீட்க விரும்பினார். பெருங்கதையாடல்கள் (வரலாறு முழுவதையும் ஒரே கதையாக விளக்கும் கோட்பாடுகள்) முடிந்துவிட்டன என்று அறிவிக்கும் நூலாக ஹார்வியின் நூலைக் கட்டுரையாளர் எப்படிப் படித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பின்அமைப்பியலின் தடத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். அதே 1989இல் நிலப்பட வரலாற்றாளர் ஜே. பி. ஹார்லி, பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் ஃபூக்கோவையும் தெரிதாவையும் துணைகொண்டு நிலப்படத்தைக் கட்டவிழ்த்தார், அதாவது அதற்குள் மறைந்திருக்கும் முன்முடிவுகளைப் பிரித்துக் காட்டினார். அவர் தெரிதாவை ஆழமாகப் படிக்கவில்லை என்ற குறை பின்னர் சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் 'வரைபடங்கள் எல்லாம் பொய்' என்று கட்டுரை அவர்மேல் ஏற்றும் கருத்து அவருடையதன்று. துல்லியமாக அளந்து வரைந்த படத்திலும் எதைப் பெரிதாகக் காட்டுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அதிகாரம் முடிவுசெய்கிறது என்பதே அவர் வாதம். அளவீடு சரியாக இருப்பது அந்த வாதத்துக்கு மறுப்பாகாது.

இந்த வரிசையில் புவியியலாளர் டோரீன் மாஸியின் இடம் இன்னும் முக்கியமானது. அமைப்பியல் வெளியை மதித்தது என்பது பலருடைய எண்ணம். அது வெளியை உறைந்துபோன, மூடுண்ட ஒரு கணமாகவே கற்பனை செய்தது என்று 2005இல் வெளியான நூலில் அவர் காட்டினார். அவரைப் பொறுத்தவரை வெளி என்பது உறவுகளால் உருவாவது, ஒரே வேளையில் பல வரலாறுகளுக்கு இடம் தருவது, ஒருபோதும் முற்றுப்பெறாதது. இப்படிச் சொன்னவர் மூலதனத்தையும் வர்க்கத்தையும் கைவிட்டுவிடவில்லை: உலகமயத்தில் சிலர் மக்கள், பணம் போன்றவற்றின் ஓட்டங்களை இயக்குகிறார்கள், சிலர் அவற்றால் சிறைப்படுகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கட்டுரை குறிப்பிடும் அறிஞர்களில் ஒரு பெண்கூட இல்லை. ஹார்வியும் சோஜாவும் பெண்ணிய ஆய்வுகளைப் பொருட்படுத்தாமல் தங்கள் பார்வையையே பொதுப்பார்வையாக முன்வைத்தார்கள் என்று மாஸியும் கலை வரலாற்றாளர் ரோசலின் டாய்ச்சும் 1991இல் தனித்தனியே எழுதிய கட்டுரைகள், அப்போது நடந்த விவாதத்தின் மையத்தில் இருந்தவை. கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், அவ்விரண்டு விமர்சனங்களையும் அதில் விரிவாகச் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்