பைலட்டுக்கு ஒரு பதில்

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள பைலட்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் கண் புரை அறுவையைக் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நிஜம் அதுவல்ல. நீ கேட்டிருந்த கேள்விக்கு உடனே எழுதப் பேனா நகரவில்லை. “பேரன் விமானி ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். மகன் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்க்கிறான். நீ வாத்தியார், நீயே சொல்லு” என்று முடித்துவிட்டாய். வாத்தியார் ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறதுடா.

படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொன்மலைப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றை அவசரமாக முழுங்கிவிட்டு, செம்பட்டுப் பக்கம் இறங்குகிற விமானத்தைப் பார்க்க வாடகை சைக்கிளில் என்னை டபுள்ஸ் வைத்துக்கொண்டு மிதித்தவன் நீ. திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும், இரண்டு பேருக்கும் சேர்த்து முட்டி போடச் சொல்வார்கள். அந்தப் பெயரும் அப்போது வைத்ததுதான். கடைசியில் ரயில்வே உன்னைச் சேர்த்துக்கொண்டது. நீ டிரைவராக இருந்து ஓய்வு பெறும்போது பதவிப் பெயரை ‘லோகோ பைலட்’ என்று மாற்றியிருந்தார்கள். ஊரிலேயே பட்டப்பெயர் பதவியாக மாறிய ஒரே ஆள் நீதான் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசுவதை விடக் கேட்பது மேல் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய், ஒரே வரியில் எழுது என்றேன். நாற்பத்தியிரண்டு சீட்டு. வீட்டுக்கு வந்து திண்ணையில் பரப்பி வைத்துப் பிரித்தேன். பதினான்கு டாக்டர். ஏழு போலீஸ், அதில் ஐந்து பெண் பிள்ளைகள். ஆறு கலெக்டர். நான்கு டீச்சர், மூன்று இன்ஜினீயர், மூன்று யூடியூப். கிரிக்கெட் இரண்டு. விமானி ஒன்று, உன் பேரனுக்குத் துணை. ஒருத்தன் ‘தெரியல’ என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தான். அவனை எனக்குப் பிடித்திருந்தது. கடைசிச் சீட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறதே, ஓஇசிடி, அவர்கள் 2018-ல் பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இதே முப்பது வயதுக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். 41 நாடுகளின் கணக்கை 2020 தொடக்கத்தில் வெளியிட்டார்கள். ஆண் பிள்ளைகளில் 47 சதவீதம், பெண் பிள்ளைகளில் 53 சதவீதம், வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். டாக்டர், டீச்சர், வக்கீல், இன்ஜினீயர், போலீஸ் என்று போகிற அதே பட்டியல்தான். உலகத்தில் எத்தனை ஆயிரம் வேலை இருக்கிறது! அதைவிட என்னை யோசிக்க வைத்தது, 2000-ல் எடுத்த கணக்கைவிட இது இன்னும் சுருங்கியிருக்கிறது என்பது. இன்டர்நெட் வந்து கண்ணுக்கு முன்னால் உலகமே விரிந்த இருபது வருஷத்தில் பிள்ளைகளின் பட்டியல் குறுகிவிட்டது.

எனக்குப் பட்ட காரணத்தைச் சொல்கிறேன். பிள்ளை வேலையை விரும்புவதில்லை, அந்த வேலையில் வெளியே தெரிகிற துண்டைத்தான் விரும்புகிறது. ஸ்டெதாஸ்கோப், காக்கிச் சட்டை, சுழல் விளக்கு வைத்த கார்.

2019-ல் லெகோ பொம்மைக் கம்பெனி, மனிதன் நிலவில் இறங்கிய ஐம்பதாம் வருஷத்தை ஒட்டி மூன்று நாட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விண்வெளி வீரர் ஆகணும் என்றவர்களைப் போல மூன்று மடங்குப் பேர் யூடியூப் என்றார்கள். சீனாவில் நேர் எதிர், பாதிக்கு மேல் விண்வெளி வீரர். நிலவில் கால் வைத்த நாட்டுப் பிள்ளைக்கு அது தாத்தா காலத்துக் கதை. சீனப் பிள்ளைக்கோ ராக்கெட் ஏறுகிற ஆள் இன்றைய செய்தியில் வருகிறார். அவர்கள் சொந்த ராக்கெட்டில் முதல் ஆளை அனுப்பியதே 2003-ல்தானே. எது கண்ணில் படுகிறதோ அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான் சமாசாரம். அங்கே ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி வருஷா வருஷம் பிள்ளைகளிடம் பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டுப் பட்டியல் போடும். ஆண் பிள்ளைகள் என்றால் கால்பந்து, பேஸ்பால் என்று வரும். 2021-ல் வந்த பட்டியலில் தொடக்கப் பள்ளிப் பையன்கள் முதலிடம் கொடுத்தது எதற்குத் தெரியுமா? கம்பெனி ஊழியர்! காலையில் டை கட்டிக்கொண்டு ரயிலில் நசுங்கிப் போய் ராத்திரி வருகிறார்களே, அவர்கள்தான். கொரோனா வருஷம் அப்பாக்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பையன் முதல் தடவையாக அப்பா என்னதான் செய்கிறார் என்று பார்த்தான் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. (பெண் பிள்ளைகள் கேக், இனிப்பு செய்யும் வேலைக்கு முதலிடம் கொடுத்தார்கள். அவர்கள் புத்திசாலிகள்.)

என் கதை உனக்குத் தெரியும். எனக்கு சினிமா கொட்டகை ஆபரேட்டர் ஆகவேண்டும் என்பதுதான் கனவு. எல்லாப் படத்தையும் ஓசியில் பார்க்கலாம், அதுக்குச் சம்பளம் வேறு. பத்தாவது லீவில் என் மாமா ஒருத்தர் வழியாக ஆபரேட்டர் அறைக்குள் ஒரு வாரம் போய் நின்றேன். இதை உன்னிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. கல்லடுப்புப் பக்கத்தில் நிற்பது மாதிரி ஒரு சூடு. விளக்கு என்று நாம் நினைத்தது விளக்கே இல்லை, இரண்டு கார்பன் குச்சியை எதிரெதிரே வைத்து நடுவில் தீப்பொறி. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும், அப்பா அம்மாவை இழுத்துத் திட்டு விழும். ஒரு புரொஜெக்டரில் ரீல் ஓடும்போதே அடுத்ததில் ரீல் மாட்டித் தயாராக நிற்கவேண்டும். திரையின் மூலையில் ஒரு புள்ளி வரும், அதைப் பார்த்து மாற்றவேண்டும். அந்த ஆபரேட்டர் அண்ணன் பனியனோடு நின்று அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “படம் எப்படிண்ணே?” என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்” என்றார். ஒரு வாரத்தில் என் கனவு முடிந்தது. ஆனால் இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஒரு வாரம் போல நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2009-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ‘உலகத்திலேயே சிறந்த வேலை’ என்று குயின்ஸ்லாந்து சுற்றுலாத் துறை விளம்பரம் கொடுத்தது. கிரேட் பேரியர் ரீஃப் பக்கத்தில் ஹாமில்டன் தீவுக்குக் காவலாளி. ஆறு மாதம், ஒன்றரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர், கடலைப் பார்த்த பங்களா. மீனுக்குத் தீனி போடு, நீச்சல் குளத்தைச் சுத்தம் செய், நடப்பதை எழுது. முப்பத்து நான்காயிரம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். பென் சவுத்தால் என்கிற ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. போனவர் சும்மா மணலில் படுத்திருக்கவில்லை. தீவு தீவாகப் போவது, எழுதுவது, படம் எடுப்பது, பேட்டி கொடுப்பது. அது காவலாளி வேலையே இல்லை, முழுநேர விளம்பர வேலை. இன்னும் சில நாளில் முடியப்போகிறது என்கிற நேரத்தில் இருகாஞ்சி என்கிற ஜெல்லி மீன் கொட்டிவிட்டது. விரல் நகம் அளவுதான் இருக்கும், விஷம் ஆளைக் கொல்லக்கூடியது. நல்லவேளை, வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டார். விளம்பரத்தில் மீனைப் பற்றி எழுதியவர்கள் இந்த மீனைப் பற்றி எழுதவில்லை.

இப்போது உன் பேரனுக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவச் சோதனை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. முதலில் கிளாஸ் டூ, அப்புறம் கிளாஸ் ஒன் என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் வைத்திருக்கிறது. நிறக்குருடு, காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் ரயில்வேயில் ஏ-ஒன் என்று உன் கண்ணைச் சோதித்தார்களே, அது மாதிரி. உங்களுக்கு அன்றைக்குக் கண்ணாடியே கூடாது என்றார்கள். இங்கே கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் வேண்டும், அது அவனிடம் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்து, 200 மணி நேரம் பறந்து, வானிலை, வழிநடத்தல், விதிமுறை என்று தேர்வுகள் எழுதினால் வணிக விமானி உரிமம். செலவு அரைக் கோடியைத் தாண்டும்.

உன் மகன் இங்கேதான் கணக்கை நிறுத்தியிருக்கிறான். உரிமம் வந்த பிறகு ஏர்பஸ் 320 மாதிரி ஒரு குறிப்பிட்ட ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அதன் பிறகுதான் வேலை தேடவேண்டும். கம்பெனி ஆள் எடுக்கிற வருஷமாக அது இருக்கவேண்டும். 2020-ல் விமானமெல்லாம் வரிசையாக நின்றதே, அப்போது உலகம் முழுக்க வேலையில் இருந்தவர்களையே சம்பளம் இல்லாத லீவில் அனுப்பினார்கள். என் சித்தப்பா பேரன் ஒருத்தன் உரிமம் வாங்கி இரண்டு வருஷம் சும்மா இருந்தான். அவன் பயிற்சி எடுத்த இடத்தில் முக்கால்வாசி நாள் விமானம் ரிப்பேர், பதினெட்டு மாதம் என்று சொன்னது மூன்று வருஷம் ஆனது. ஆகவே எங்கே சேர்க்கிறீர்களோ அங்கே எத்தனை விமானம் இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருக்கிறது, ஒரு பையன் மாதத்துக்கு எத்தனை மணி பறக்கிறான் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேட்கச் சொல். அலுவலகத்தில் கேட்காதே. வீட்டுப் பத்திரம் கடைசி வரைக்கும் பீரோவிலேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் நான் விசாரித்து எழுதிவிடலாம். மீதியை உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது. டிரைவர்கள் தங்கித் தூங்குகிற ரன்னிங் ரூமில் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து எழுப்பினால் எழுந்து, முகம் கழுவி, உன் சாமான் பெட்டியான லைன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தது. ஒவ்வொரு சிக்னலையும் நீ ஒரு தடவை, உன் அசிஸ்டென்ட் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனது. முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை தீபாவளிக்கு வீட்டில் இருந்தாய் என்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சியைக் கேட்டால் விரலை மடக்கி எண்ணிவிடும். விமானத்திலும் இதே பாடுதான், உயரம்தான் வேறு. அவனுக்கு நீ எஞ்சின் ஓட்டிய பெருமை தெரியும். இது தெரியாது. எல்லாம் கேட்ட பிறகும் ஒத்தைக்காலில் நின்றான் என்றால், விடு, போகட்டும்.

அந்தக் கடைசிச் சீட்டு. ‘ஜேசிபி ஆப்பரேட்டர்’ என்று எழுதியிருந்தது. மறுநாள் போய் அவனைத் தேடிப் பேசினேன். ஒல்லியான பையன், மாமா ஜேசிபி ஓட்டுகிறார், லீவு நாளில் கூடப் போவானாம். கேட்டதுதான் தாமதம், கொட்டினான். காலையில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் அடிக்கணும். தோண்டுவதற்கு முன்னால் வண்டியின் இரண்டு இரும்புக் கால்களையும் இறக்கி ஊன்றணும், இல்லாவிட்டால் வண்டி ஆடும். மண்ணின் நிறம் மாறினால் கையை மெதுவாக்கணும், அடியில் தண்ணீர்க் குழாய் இருக்கும், உடைத்தால் அன்றைக்குப் பேட்டா போச்சு, தெருவே சண்டைக்கு வரும். மாமாவுக்கு இடுப்பு வலி, வெயிலில் கேபின் கொதிக்கும், மழை மாதத்தில் வேலை கிடையாது. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறான். மற்ற நாற்பத்தியொரு பேரில் ஒருத்தராலும் தன் வேலையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச முடிந்திருக்காது. பதினான்கு டாக்டர்களில் ஒருத்தியிடம் டாக்டர் காலையில் முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன், “ஊசி போடுவாங்க” என்றாள்.

வகுப்பாசிரியர் அந்தச் சீட்டைப் பார்த்து, “இவனை நீங்கதான் சார் கொஞ்சம் மாத்தணும்” என்றார். நான் சிரித்து வைத்தேன். அவர் மேல் கோபமில்லை, முப்பது வருஷம் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. காவிரியில் தண்ணீர் ஓடுகிறது. பொன்மலைச் சங்கு ஊதினால் இன்னும் கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கிறது. இவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாம்பழக் காலம் வராதவரை. பொங்கல் லீவுக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, அந்தப் பழைய லைன் பாக்ஸ் இருந்தால் அதையும் எடுத்து வா.

ஜேசிபிக்காரனிடம் எனக்கு ரயில் ஓட்டிய ஒரு சிநேகிதன் உண்டு என்று சொன்னேன். எவ்வளவு வேகம் போகும், எத்தனை பெட்டி இழுக்கும் என்று எதுவும் கேட்கவில்லை. “சார், எஞ்சின்ல டிரைவருக்கு அவசரமா ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவாரு?” என்றான். விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் வாத்தியார்