வாக்குமூலம் வாங்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும்,

வணக்கம். வன்முறையிலிருந்து தப்பி வந்த ஒருவர் முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்றால், 'முன்னுக்குப் பின் முரண்' என்று எழுதி அவர் பேச்சையே ஒதுக்கிவிடுவது நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உயிர் போகும் பயத்தில் மூளை எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிந்துகொள்வதில்லை. ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி உச்ச வேகத்தில் இயங்கும், நோர்அட்ரினலின் என்ற பதற்ற ரசாயனம் பெருகும். கத்தி, குரல், புகை நாற்றம் என்று கவனம் குத்தி நின்றது மட்டும் ஆழமாகப் பதியும். எது முன்னே, எது பின்னே, எவ்வளவு நேரம் என்று கோத்து வைக்க வேண்டிய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியோ அப்போது தடுமாறக்கூடும். அதனால் தாக்கியவனின் கைக்கடிகாரத்தைத் துல்லியமாக விவரிப்பவரே, அன்று செவ்வாயா புதனா என்று திணறலாம்.

பேச்சு நின்றுபோவதையும் சந்தேகிக்கிறீர்கள். பி.டி.எஸ்.டி. (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) உள்ள சிலருக்கு அவர்களுடைய அனுபவத்தையே வாசித்துக் காட்டி, 1996இல் மூளையைப் படம் பிடித்தார்கள். அமிக்டலா பக்கம் இயக்கம் கூடியது; பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் கேள்வி கேட்டதும் வாயடைத்து நிற்பவரை நேரில் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது.

இன்னொன்றை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். கொசோவோ, போஸ்னியா அகதிகள் 39 பேரை இரண்டு முறை பேட்டி கண்ட ஆய்வு, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரண்டு பேட்டிகளுக்கும் இடையே முரண்கள் சகஜமாக இருந்தன. பி.டி.எஸ்.டி. அதிகமாக இருந்தவர்களிடம், இடைவெளி நீள நீள முரண்களும் கூடின. வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்துவிட்டு, தேதி மாறியதற்காக அவரைக் குற்றவாளிபோல் நடத்துவது என்ன நியாயம்?

சொல்வதையெல்லாம் நம்புங்கள் என்று கேட்கவில்லை. யாருடைய நினைவும் பிசகும். மற்ற சாட்சியங்களையும் பாருங்கள். ஆனால் பிசகு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நடந்ததிலா, நடந்த நேரத்திலா?

அப்புறம், கேட்கும் முறை. வரிசையாகச் சொல் என்று நெருக்காதீர்கள். நினைவிருக்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், குறுக்கிடாதீர்கள். கண் நிலைகுத்தினால் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் அந்தச் சம்பவத்துக்குள்ளேயே திரும்பப் போயிருக்கலாம். முதல் வாக்குமூலத்தைச் சீக்கிரமே ஒலிப்பதிவாக எடுத்துவிட்டால், அதே கதையைப் பத்து பேரிடம் அவர் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
சாட்சி சொல்ல வருபவர்களுக்குத் துணையாக வரும் ஒருவர்