பந்திக்கு முன்பே வீணாகும் சாப்பாடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை மாத முகூர்த்தங்களுக்கு எங்களிடம் சமையல் பேசியிருப்பவர்களுக்கும், இனிமேல் பேச வருபவர்களுக்கும் இதை எழுதுகிறோம். தை முதல் எங்கள் ஒப்பந்தத்திலும் பரிமாறும் முறையிலும் சில மாற்றங்கள் வருகின்றன. ‘இனிப்பை ஏன் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் போடுகிறார்கள், இலையை ஏன் முன்கூட்டியே நிரப்பி வைக்கவில்லை’ என்று மண்டபத்தில் உங்கள் சம்பந்தி வீட்டார் கேட்டால் நீங்கள் சங்கடப்படக் கூடாது. அதனால் காரணத்தை முன்பே சொல்லிவிடுகிறோம்.

கல்யாணச் சாப்பாடு வீணாவதற்குச் சாப்பிடுபவர்களின் அலட்சியம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ‘உணவை வீணாக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுவதும் அந்த எண்ணத்தில்தான். சமையற்கட்டில் நிற்கும் எங்களுக்கு விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. குப்பைக்குப் போவதில் பெரும்பங்கு, விருந்தினர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, ஆள் கணக்குப் போடும்போதும் சாப்பாட்டுப் பட்டியல் எழுதும்போதும் முடிவாகிவிடுகிறது.

முதலில் ஆள் கணக்கு. வருகிறேன், வரவில்லை என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. பத்திரிகை கொடுக்கப் போனால் எல்லோரும் ‘கண்டிப்பா வந்துடறோம்’ என்றுதான் சொல்வார்கள்; சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லாததால் ஆவணி, தை, வைகாசி போன்ற மாதங்களில் நாள்கள் நெருக்கியடிக்கின்றன. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே மாலையில் ஒருவருக்கு மூன்று ரிசப்ஷன் இருக்கும். ஒன்றில் சாப்பிடுவார், மற்ற இரண்டில் மேடையேறி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். மூன்று மண்டபத்திலும் அவருக்குச் சாப்பாடு தயாராக இருக்கும். மேடைக்குப் போகும் வரிசை நீண்டுவிட்டால், ஒரு மணி நேரம் நின்ற களைப்பில் சாப்பிடாமலே போகிறவர்களும் உண்டு. காலை டிபன் கணக்கு இதைவிட மோசம். ஆறு மணி முகூர்த்தத்துக்குத் தாம்பரத்திலிருந்து பெரம்பூருக்கு எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இந்த நிச்சயமின்மையின் மேல் பயம் ஏறிக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பாருங்கள். ஐந்நூறு பேர் வரலாம் என்று பெண்ணின் அப்பா நினைக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குறை வந்துவிடக் கூடாதென்று எங்களிடம் அறுநூறு இலை என்கிறார். கேட்டரிங் நடத்துபவர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் கூட்டுகிறார். சமையல் மாஸ்டருக்கும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவர் அரிசியிலும் பருப்பிலும் ஒரு படி அதிகமாகப் போடச் சொல்கிறார். வந்து சாப்பிட்டவர்கள் நானூற்று ஐம்பது பேர். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ‘அந்தக் கல்யாணத்துல சாப்பாடு பத்தல’ என்ற பேச்சு பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் குடும்பத்தில் ஓடும். மிஞ்சியதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதனால் எல்லோரும் மிஞ்சுகிற பக்கமே சாய்கிறோம்.

எங்கள் தொழிலின் கட்டண முறையும் இதற்குத் துணை போகிறது. இலைக்கு இவ்வளவு என்று பேசி, குறைந்தபட்ச இலைக் கணக்கையும் எழுதிவிட்டால், எத்தனை பேர் வந்தாலும் அந்தப் பணம் வந்துவிடும். சாப்பாடு மிஞ்சினாலும் கேட்டரிங்காரரின் வருமானம் குறையாது, குறைவாகச் சமைப்பதற்குப் பாராட்டும் இல்லை.

அடுத்தது இலை. பட்டியலில் எத்தனை வகை என்பதுதான் இன்று விருந்தின் அளவுகோலாகிவிட்டது. இரண்டு இனிப்பு, இரண்டு பொரியல், கூட்டு, அவியல், வடை, சாதத்தில் மூன்று வகை என்று இருபதைத் தாண்டிப் போகிறது. ஒரு மனித வயிறு இருபது வகைக்கு இடம் கொடுக்காது. இதோடு சென்னை மண்டபங்களின் அவசரமும் சேர்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர் உட்காரலாம், காத்திருப்பவர்களோ அதற்கு மேல். சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர் இடம் பிடித்து நிற்கிறார். பந்தி சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, ஆள் உட்காரும் முன்பே இலையில் பத்துப் பன்னிரண்டு அயிட்டங்களை வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்தவர் யார், பெரியவரா, ஆறு வயதுக் குழந்தையா, பாகற்காய் தொடாதவரா என்பதெல்லாம் தெரியாமலே எல்லா இலைக்கும் ஒரே அளவு.

இனிப்பில் இது நன்றாகவே தெரியும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. கல்யாணத்துக்கு வருபவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஒவ்வொருவர் இலையிலும் கேட்காமலே ஒரு ஜாங்கிரியும் ஒரு பாதாம் அல்வாவும் விழுகின்றன. முந்திரியும் நெய்யும் போட்டுச் செய்த அந்த இனிப்பு தொடப்படாமலே இலையோடு மடிகிறது. பரிமாறிய இலையில் இருந்ததை யாருக்கும் கொடுக்க முடியாது.

‘மிஞ்சினால் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாமே’ என்று பலரும் கேட்கிறீர்கள். நல்ல மனது. 2014இல் கோயம்புத்தூரில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் மிஞ்சிய உணவைச் சேகரித்துப் பசித்தவர்களிடம் சேர்க்கின்றன. உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. ஆனால் நேரம் ஒத்துழைப்பதில்லை. ரிசப்ஷனில் எவ்வளவு மிஞ்சும் என்பது கடைசிப் பந்தி எழும்போது, இரவு பத்தரைக்குத்தான் தெரியும். முதியோர், குழந்தைகள் இல்லங்களில் அதற்குள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். சென்னை இரவில் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அவியலும் விடியும்வரை தாங்காது. கெட்டுப்போகும் நிலையில் இருப்பதை ஏழைக்குக் கொடுப்பது தருமம் ஆகாது. ஆகவே பகிர்வது அவசியம் என்றாலும், அதை நம்பி அதிகமாகச் சமைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இது சென்னைக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகளுக்கு முன் அந்நகரக் கல்யாண மண்டபங்களை ஆராய்ந்து, ஆண்டுக்கு 943 டன் நல்ல உணவு வீணாகிறது என்று கணக்கிட்டார்கள். 2022இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 28 சதவீதம் உணவகங்கள், கேட்டரிங் போன்ற இடங்களில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அந்த 28 சதவீதத்துக்குள் நாங்களும் இருக்கிறோம். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். டெல்டாவில் மேட்டூர்த் தண்ணீருக்காகக் காத்திருந்து விளைவித்த அரிசி, சோறாகி, கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளில் அழுகி மீத்தேனாக மாறும் நகரத்தில் நாம் இருக்கிறோம். சமைப்பவர்களுக்கு இது வலிக்கிறது.

இனி நாங்கள் செய்யப்போவது. முக்கியமான மாற்றம், பாதுகாப்புக்காக வைக்கும் உபரியை இனிச் சமைத்து வைக்க மாட்டோம். அரிசியாக, பருப்பாக, அரைத்த மாவாக வைப்போம். சாதத்தை ஒரே தடவையில் வடித்துக் குவிக்காமல் பந்திக்குப் பந்தி வடிப்போம். எதிர்பார்த்ததைவிட ஆள் கூடினால், முதல் பந்தியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த உலை கொதித்துச் சாதம் இறங்க அரை மணி நேரம் போதும். சாம்பாரும் ரசமும் அப்படியே. ஆள் குறைந்தால் அரிசி மூட்டை மூட்டையாகவே திரும்பும். காய்கறிக்கு மட்டும் இது பொருந்தாது. கோயம்பேட்டில் முந்தைய நாள் அதிகாலையில் வாங்கி, மதியமே நறுக்கத் தொடங்கிவிடுவோம். அதனால் விழாவுக்கு மூன்று நாள் முன்பு உங்களோடு உட்கார்ந்து கணக்கை ஒரு தடவை சரிபார்ப்போம்.

கட்டணத்தையும் இதற்கேற்ப மாற்றுகிறோம். நீங்கள் உண்மையாக எதிர்பார்க்கும் எண்ணைச் சொல்லுங்கள். அதையே குறைந்தபட்சமாக எழுதுவோம். கூடுதலாக வந்தவர்களுக்கும் அதே இலை விலைதான். கடைசி நேரத்தில் கூடிய இலைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பயந்து கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது.

பந்தியில் உப்பு, ஊறுகாய், ஒரு பச்சடி மட்டும் முன்பே இலையில் இருக்கும். மற்றவை ஆள் உட்கார்ந்த பிறகு, கேட்டு, குறைந்த அளவில் வரும். எல்லாமே மறுபடியும் வரும். பரிமாறுபவர்கள் எண்ணிக்கையை இதற்காகக் கூட்டியிருக்கிறோம், விலையைக் கூட்டவில்லை. குழந்தைகளுக்குச் சிறிய இலை. பட்டியலில் வகைகளைக் குறைக்கும்படி உங்களை வற்புறுத்த மாட்டோம். எது அதிகம் மிஞ்சுகிறது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வோம். எங்கள் அனுபவத்தில் மூன்றாவது கலந்த சாதமும் இரண்டாவது இனிப்பும்தான்.

ரிசப்ஷன் அன்று இரவு எட்டரை மணிக்கு ஒரு தடவை பாத்திரங்களைப் பார்த்துக் கணிப்போம். மிஞ்சும் என்று தெரிந்தால், பரிமாறாத உணவைச் சூடு ஆறும் முன் தனியாகக் கட்டி, இன்ன உணவு, எப்போது சமைத்தது என்று எழுதி, முன்பே பேசி வைத்த அமைப்பிடம் ஒப்படைப்போம். இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறது.

சமையல் பேச வரும்போது பத்திரிகை கொடுத்தவர்களின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். ரிசப்ஷனுக்கு யார், காலை டிபனுக்கு யார், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு யார் என்று பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே குறித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கல்யாணச் சமையல் குழுவினர்
மேற்கு மாம்பலம், சென்னை