குண்டு வாங்கும் முன் மானை நினை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கராஜ் மேசையில், பித்தளைக் கூட்டில் பவுடரும் குண்டும் வைத்துத் தோட்டா அடைக்கும் ரீலோடிங் பிரஸ், தராசு, வெர்னியர் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. அம்மாவுக்கு வெடிமருந்து என்ற பேச்சே பிடிக்கவில்லை. மருமகளிடம் நாலு தடவை விசாரித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். நீயே ஒரு முறை அவளுக்குப் போன் பண்ணிப் பேசு.

மான் வேட்டைக்கு எந்தக் குண்டு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நான் வேட்டைக்குப் போனவன் இல்லை. ஆனால் இங்கே சிங்கப்பூரில், ஜூரோங் டூல்ரூமில் செம்பையும் பித்தளையையும் கடைந்தே என் காலம் போனது. அடி வாங்கினால் ஓர் உலோகம் வளையுமா, விரியுமா, சிதறுமா என்று எனக்குத் தெரியும். உன் கேள்வியில் பாதிக்கு மேல் அதுதான்.

நீ எழுதிய பட்டியலில் காற்றைக் கிழிக்கும் திறனும், நூறு மீட்டரில் காகிதத்தில் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதும் முதல் இரண்டு இடத்தில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைத் தலைகீழாக்கு. மானின் தோளில் பட்ட பிறகு அந்தக் குண்டு என்ன ஆகிறது என்பதை முதலில் வை. நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். நூறு மீட்டரில் ஓர் அங்குலத்துக்குள் விழும் குண்டு அதற்குத் தாராளமாகப் போதும். அதை அரை அங்குலமாகக் குறைக்கிறேன் என்று, இலக்குச் சுடும் போட்டிக்கென்று செய்த குண்டை வாங்கிவிடாதே. அதன் நுனியில் இருக்கும் சிறு ஓட்டை, குண்டைச் செய்யும் முறையில் வருவது. விரிவதற்காக வைத்தது இல்லை. உடம்புக்குள் போனால் அது ஒரு தடவை தூளாகும், இன்னொரு தடவை ஊசி மாதிரி நேராகப் போய்விடும். சியர்ரா நிறுவனமே தன் மேட்ச்கிங் குண்டை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

தேசிய சேவையில் பாசிர் லாபாவில் நாங்கள் சுட்டதெல்லாம் முழுக்க உலோக உறை போட்ட, விரியாத குண்டு. கல்கத்தா பக்கத்திலிருக்கும் டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் விரியும் குண்டு செய்தார்கள். அதன் பிறகு 1899-ல் ஹேக் மாநாட்டில், போரில் விரியும் குண்டு கூடாது என்று பிரகடனம் வந்தது. வேட்டையில் நியாயம் நேர் எதிர். விரியாத குண்டு மெல்லிய துளை போட்டு வெளியே போய்விடும். மான் பல மணி நேரம் புதருக்குள் கிடந்து சாகும். அந்த மாதிரிச் சாவை நீ எந்த உயிருக்கும் கொடுக்கக் கூடாது. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கான வழி.

சரி, விரிய வேண்டும். ஆனால் எவ்வளவு சீக்கிரம்? சாதாரணக் குண்டுக்கு நடுவில் ஈயம், மேலே மெல்லிய செம்புக் கலவை உறை. விலையும் குறைவு, தூரத்தில் வேகம் குறைந்த பிறகும் நன்றாக விரியும். ஆனால் ஐம்பது மீட்டரில், முழு வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்து, தோளுக்கு மேலேயே சிதறிவிடும்.

1946-ல் ஜான் நாஸ்லர் என்பவருக்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதுதான் நடந்தது. சேறு காய்ந்து அப்பியிருந்த பெரிய மூஸ் மானைச் சுட்டார். குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே உடைந்தன. வீட்டுக்கு வந்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். செம்புக் கலவைக் கம்பியை லேத்தில் கடைந்து, முன்னாலும் பின்னாலும் துளை போட்டு, நடுவில் ஒரு தடுப்புச் சுவரை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் ஈயம். முன்பாதி விரிந்து தேய்ந்து போகும். பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஆழமாகப் போகும். பார்ட்டிஷன் என்று பெயர் வைத்து விற்றார், இன்றைக்கும் விற்கிறது. ஒரே பொருள், ஒரு முனை மென்மை, மறுமுனை உறுதி. டூல்ரூம் ஆள் யாரிடம் காட்டினாலும் கையெடுத்துக் கும்பிடுவான்.

அதற்குப் பின் வந்தவை இரண்டு வகை. உறையோடு ஈயத்தை உருக்கிப் பிடிக்க வைத்த குண்டு ஒன்று. ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பில் செய்தது மற்றொன்று. செம்புக் குண்டை ரேண்டி புரூக்ஸ் 1980களில் பார்ன்ஸ் நிறுவனத்தில் செய்தார். நுனியில் குழி இருக்கும், ஈரமான தசை அந்தக் குழிக்குள் அழுந்தும்போது நான்கு இதழாகப் பின்பக்கம் மடங்கும். உடையாது. நுழைந்த எடை ஏறக்குறைய அப்படியே மறுபக்கம் வெளியே வரும்.

உன் துப்பாக்கி .308, அதாவது குண்டின் விட்டம் 0.308 அங்குலம். கிரெயின் என்பது குண்டின் எடை அளவு. கடையில் 180 கிரெயின் வாங்கச் சொல்வார்கள், கனமானதுதான் ஆழமாகப் போகும் என்பார்கள். ஈயக் குண்டுக்கு அது சரி. எடையைப் பவுண்டாக்கி, விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணைப் பார்: 150-க்கு 0.226, 165-க்கு 0.248, 180-க்கு 0.271. எண் கூடினால் ஊடுருவல் கூடும். ஆனால் போகிற வழியில் பாதி எடையை உதிர்க்கிற குண்டுக்கு இந்தக் கணக்கு பாதி வழியிலேயே பொய்யாகிவிடும். செம்பு உதிர்க்காது. அதனால் செம்பில் 150 போதும். 150 கிரெயின் என்றால் 9.7 கிராம், நம் கணக்கில் ஒண்ணேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவிடம் அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அளவு பிடிபட்டது.

செம்பிலும் ஒரு குறை உண்டு, அதை மறக்காதே. வேகம் குறைந்தால் விரியாது. பல குண்டுகளுக்கு விநாடிக்கு 1,800 அடி என்ற அளவில் கீழெல்லை போட்டிருப்பார்கள். உன் குழலில் 150 கிரெயின் ஏறக்குறைய 2,700 அடியில் கிளம்பினால், 300 மீட்டரில் 2,000-க்கு மேல் மிச்சம் இருக்கும். அதோடு நிறுத்திக்கொள். அதற்கு அப்பால் மான் நின்றால் கிட்டப் போ, முடியாவிட்டால் விட்டுவிடு.

நான் செம்பைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் பேத்தி. நீ கொண்டுவரும் இறைச்சியைத்தான் அவள் வாரம் முழுக்கச் சாப்பிடுகிறாள் என்று மருமகள் சொன்னாள். ஈயக் குண்டு சிதறினால் கண்ணுக்குத் தெரியாத, பல்லில் கடிபடாத துகள்கள் காயத்தைத் தாண்டிச் சதைக்குள் பரவும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்தால் போதும் என்று நினைக்காதே. கொத்துக்கறியாக அரைத்தால் மொத்தத்திலும் கலந்துவிடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தைச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. அங்கே காண்டர் என்ற பிணந்தின்னிக் கழுகு போன்ற காட்டுயிர்களைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள். உன் வீட்டில் நீயே சட்டம் போடு. பெட்டிக்கு இருபது, முப்பது டாலர் கூட ஆனால் ஆகட்டும், நான் தருகிறேன்.

தோட்டா அடைக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். தோட்டாவின் மொத்த நீளம் 2.81 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அந்தக் கூடுதல் நீளம் பித்தளைக் கூட்டுக்குள் இறங்கிப் பவுடரின் இடத்தைப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். ஆகவே 150-க்கு 150 என்று பழைய அளவோடு குண்டை மட்டும் மாற்றாதே. அந்தக் குண்டைச் செய்தவர்களின் புத்தகத்தில் அதே பெயருக்கு நேராக இருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறு. குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று அளந்து, பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்பார். செம்புக் குண்டு வரியைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் நன்றாகச் சுடும். பார்ன்ஸ் சொல்வது 0.050 அங்குலம். அப்புறம், ஈயத்துக்குச் சுட்ட குழலை நன்றாகத் துடைத்துவிட்டுச் செம்பைப் போடு.

தார் என்ற இமயமலைக் காட்டு ஆட்டைச் சுடப் போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் நம் வரையாடு நினைவுக்கு வந்து மனசு என்னவோ போல ஆகிவிட்டது. இரண்டையும் முன்பு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, அங்கே ஒன்று பிறந்தால் கொண்டாடுகிறார்கள். இமயமலைத் தாரை 1904-ல் நியூசிலாந்தில் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அதைத் தின்ன எந்த விலங்கும் இல்லை. மலைச்செடிகளை மேய்ந்து அழிக்கிறது, குறைக்கத்தான் வேண்டும் என்று அரசே சொல்கிறது. எனக்கும் அது புரிகிறது. செங்குத்துப் பாறையில் நிற்கும் ஆடு அது. காயத்தோடு நாலு அடி எடுத்து வைத்தாலும் பள்ளத்தில் விழும், உனக்கும் எட்டாது. தோள் எலும்பு இரண்டையும் உடைத்துப் போகிற குண்டுதான் அதற்கு வேண்டும். அதனால் தாருக்கும் செம்புதான் என் தேர்வு. இரண்டாவதாகப் பார்ட்டிஷன், அதுவும் இறைச்சி நாய்க்கு என்றால் மட்டும்.

தீபாவளிக்கு வரும்போது வேட்டைக்கு எடுத்துப் போகும் எந்தப் பையையும் கொண்டுவராதே. சாங்கி விமான நிலையத்தில் ஒரே ஒரு தோட்டா பையின் மூலையில் கிடந்து அகப்பட்டாலும் நினைத்துப் பார்க்க முடியாத தொல்லை. அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் இங்கே குறைந்தது 5 வருடச் சிறை, 6 பிரம்படி. சுட்ட பித்தளைக் கூடு, மானின் உடம்பிலிருந்து எடுத்த குண்டு, சாவிக்கொத்தில் தொங்கும் அலங்காரத் தோட்டா எதுவும் வேண்டாம். ஜாக்கெட் பையையும் உதறிப் பார்.

உடம்புக்குள் நின்றுபோன குண்டு கிடைத்தால் கழுவித் தராசில் வைத்து எடையைப் படம் எடுத்து அனுப்பு. எத்தனை மீட்டரில் சுட்டாய், எங்கே நுழைந்தது, எலும்பில் பட்டதா என்று பக்கத்தில் எழுது. 150-ல் 140-க்குக் கீழே வந்தால் வேறு குண்டு பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா