தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஓர் அம்மாவின் மடல்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக்கூட்டிப் படிப்பதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, என்று பரிசோதித்து எழுதித் தந்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு முடியும்வரை அவனுக்குப் படிக்க வராது என்பது எனக்கே தெரியாது. மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, புத்தகத்தைப் பார்த்தபடி ஒப்பித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் 'வண்டு' என்ற சொல்லில் விரலை வைத்து, "இது என்னடா?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு "தேனீ" என்றான்.

அப்புறம்தான் வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தோம். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்திருந்தேன். 'கொக்கு' என்று எழுதினால் கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வரவேண்டியதோ 'க்'. அவன் 'கெ' என்று சொல்லிவிட்டு, அடுத்து நிற்கும் துணைக்காலை 'ர' என்று நினைத்து மாட்டிக்கொள்வான். கு, சு, து, மு எல்லாவற்றிலும் உகரம் ஒன்றுதான், வால்தான் ஆளுக்கொரு தினுசு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவத்தை விட்டன. உகர வரிசையில் யாரும் கை வைக்கவில்லை. என் மகனைக் கேட்டிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருப்பான்.

247 எழுத்துள்ள அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு துண்டில் 'க', ஒன்றில் கொம்பு, ஒன்றில் கால் என்று எழுதினேன். அவனே அவற்றை நகர்த்திச் சேர்ப்பான், சேர்த்ததும் சத்தமாகச் சொல்வான். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய கதைதான், புதிதாக ஒன்றுமில்லை. தினம் இருபது நிமிடம், வாரத்துக்கு ஒரே ஒரு குறி. 'கொ' வரிசைக்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது.

இனி உங்களிடம் கேட்க வந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் அவனை எழுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு இந்த நான்கு வரி என்று இன்றே சொன்னால் போதும், வீட்டில் தயாராகி வருவான். தப்பான சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொல்கிறீர்கள். 'பள்ளி'யை எழுதினான், ஏழாவது வரியில் அது 'பளளி' ஆகிவிட்டது, மிச்ச மூன்று வரியும் அதைப் பார்த்தே. தப்பைத்தான் நன்றாகப் பழகிக்கொண்டான். அறிவியல் கேள்விக்கு வாயால் பதில் சொல்லச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. மூன்றாம் வகுப்பில் கேட்டால் மட்டும் "செல்லம் கொடுக்காதீங்கம்மா" என்கிறார்கள்.

போன வாரம் நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் நெற்றியைப் பார்த்து, உதடு அசைய ஒவ்வொன்றாகக் கூட்டி, "கொளத்தூர்" என்றான். சொல்லி முடிக்கவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருவனின் அம்மா