மட்கார்டைப் பொருத்திப் பார்க்காமல் பெயின்ட் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை, மட்கார்டும் கதவும் சரியாக உட்காராவிட்டால் அது பேனல் பீட்டரின் (பாடித் தகட்டைத் தட்டி நிமிர்த்துபவரின்) கைக்கோளாறு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பல நேரங்களில் கோளாறு பெட்டியில் வரும் பைரேட் பாகத்திலேயே, அதாவது அசலைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல் பாகத்திலேயே, இருக்கிறது. அதைப் பெயின்ட் கடைக்கு அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

நகல் எடுப்பவர்கள் பெரும்பாலும் பழைய மட்கார்டு ஒன்றை அளவெடுத்துத்தான் தகட்டை அழுத்தும் அச்சைச் செய்கிறார்கள். அந்த மட்கார்டு எப்போதோ அடிபட்டு நிமிர்த்தப்பட்டதாக இருந்தால் அந்தக் கோணலும் அச்சில் ஏறிவிடும். போதாக்குறைக்கு, அழுத்திய தகடு அச்சை விட்டு வெளியே வந்ததும் சற்றே விரியும். அதற்கு ஈடாக அச்சைத் திருத்தாவிட்டால் ஓரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

இன்று கரீகா என்று அழைக்கப்படும் நம் தென்னாப்பிரிக்காவின் உய்டன்ஹேக்கில் 1951 முதல் 1979 வரை தயாரான ஃபோக்ஸ்வேகன் பீட்டிலையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1967 ஆகஸ்டிலிருந்து முன்விளக்கு நிமிர்ந்து நின்றது. மட்கார்டும் அதற்கேற்ப மாறியது. 1973 மாடலில் பின்விளக்கு பெரிதாகிப் பின் மட்கார்டும் மாறியது. நம் ஊர் வண்டியிலும் அதே தேதியில்தான் மாறியிருக்கும் என்று நம்பி, ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாற்றம்தான். பழைய மட்கார்டைக் கடைக்கே எடுத்துப்போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொருத்திப் பார்க்கும்போது மட்கார்டுக்கும் பாடிக்கும் இடையில் வரும் பீடிங் ரப்பர் பட்டையையும் வைத்தே பாருங்கள். அது இல்லாமல் சரியாக உட்காரும் மட்கார்டு, அது வந்ததும் விலகும். 8 மி.மீ. போல்ட்டுகள் எல்லாவற்றையும் விரலால் மட்டும் திருகி, ரன்னிங் போர்டையும் (கதவுக்குக் கீழே உள்ள மிதிபலகை) மாட்டி, பானட்டையும் கதவையும் மூடிப் பார்த்த பிறகே நடுவிலிருந்து இரு பக்கமும் இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் உருண்டை அரத்தால் நீள்வட்டமாக்கலாம். அதற்கு மேல் தள்ளியிருந்தால் அரத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாகத்தைக் குறை சொல்லுமுன் வண்டியையும் பார்த்துவிடுவது நியாயம். கதவைத் திறந்து கைப்பிடிப் பக்கம் தூக்கினால் ஆடுகிறதா? கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. டர்பன் கடற்காற்றில் ஹீட்டர் சேனல் (கதவுக்குக் கீழே பாடியைத் தாங்கும் தகட்டுக் குழல்) துருப்பிடித்து பாடியே தொய்ந்திருந்தால் எந்த மட்கார்டும் பொருந்தாது, அசல் பாகமானாலும் சரி.

புதிய தகட்டின் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சைத் தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் அது கப்பலில் வரும் வழிக்கு மட்டும் அடித்த பூச்சு; முழுவதும் எடுத்துவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் பிற்பாடு ஏடு ஏடாக உரியும்.

கதவு ரப்பரை ஒட்டும்போது இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டியது பிறகு சுருங்கி மூலையில் வாய் திறக்கும், மழைநீர் உள்ளே வரும்.

மட்கார்டு கோணலாக நின்றால் பார்வைக்குத்தான் கேடு. பிரேக் அப்படியல்ல. மினி, மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் பிரேக் பைப் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பீட்டிலிலும் ஜப்பானியக் கார்களிலும் 10 மி.மீ., மரைக்கு 1 மி.மீ. பிரேக் பைப் போய்ச் சேரும் வீல் சிலிண்டர் நகலாக இருந்து, அதில் மெட்ரிக் (மி.மீ.) மரை வெட்டப்பட்டிருந்தால், 9.5 மி.மீ. தடிமனுள்ள அங்குல நட்டு அதற்குள் போய்விடும், இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது பிய்த்துக்கொண்டு வரலாம். விரலால் திருகும்போதே நட்டு தளதளவென்று ஆடினால் நிறுத்திவிட்டு மரை கேஜ் (மரையை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றும் வேலை இங்கே வேண்டாம்.

நம் நாட்டு 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பது வாங்கியவர் விருப்பம். ஆனால் வாங்கிய பிறகு மாற்றிய பொருளுக்கு அந்த உத்தரவாதம் நிற்காது. பெயின்ட் அடித்ததும் ஓட்டை போட்டதும் கடைக்காரருக்கு நல்ல சாக்கு. நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தச் சேசிஸ் எண் முதல் எந்த எண் வரைக்கும் பொருந்தும் என்பதைச் சீட்டில் அச்சிடுங்கள். வாங்குபவர்களும் மாடல், சேசிஸ் எண், மரை அளவு, பொருத்திப் பார்க்கத் தரும் நாட்கள் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்