பள்ளிகளுக்கு விதி மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-இலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. 2025-இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்கச் சொன்னது. நல்ல முடிவுகள். ஆனால், இவற்றை நடைமுறைப்படுத்தும் ஆசிரியருக்குக் கற்றுத்தருவது யார்?

மாணவர்களின் உடல் பருமனைக் கண்டறியப் பள்ளியில் உயரமும் எடையும் எடுப்பதிலேயே பிழை தொடங்குகிறது. காலணியோடு நிறுத்தி அளந்துவிட்டு, பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்துப் பார்த்தால் கணக்கு தவறும். 140 செ.மீ. உயரம், 43 கிலோ எடையுள்ள 10 வயதுச் சிறுவனின் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ - கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) ஏறத்தாழ 22. பெரியவர் அட்டவணையில் அது இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வயதுவாரி வரைபடத்திலோ உடல் பருமன். உதவி தேவைப்படும் அந்தக் குழந்தை கண்ணில் படாமலே போய்விடுகிறான். எடையை வகுப்பில் உரக்கப் படிப்பதும் கொடுமை. கேலிக்கு ஆளான பிள்ளை விளையாட்டு மைதானத்தையே தவிர்க்கும். தனியறையில் அளந்து, பெற்றோரிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

வரைபடம் பார்க்க அரைநாள் பயிற்சி போதும். அதன்பின் ஒன்றியத்துக்கு ஓர் ஊட்டச்சத்து நிபுணர் பருவத்துக்கு ஒருமுறையாவது வந்து, கேன்டீன் பட்டியலையும் பொரிக்கும் எண்ணெயையும் பார்க்கட்டும். 300 மி.லி. கோலாவில் 30 கிராமுக்கும் மேல் சர்க்கரை. அந்த இடத்தில் மோரும் சுண்டலும் வரட்டும். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தையும் கல்வித் துறை எழுத்து மூலமாகவே தடுக்க வேண்டும்.

- ஊட்டச்சத்து ஆலோசகர்கள் இருவர், திருச்சி